1934-ல் ஒரு படகு ட்ரிப்: சென்னையிலிருந்து மாமல்லபுரம் போன கால்வாய் இப்போ எங்கே?

சனிக்கிழமை சாயங்காலம் ஆம்பூர் பைபாஸை ஒட்டிய ஷூ கம்பெனிகளில் ஷிப்ட் முடிந்ததும் பல வாட்ஸ்அப் குரூப்களில் ஒரே கேள்விதான் ஓடும். "நாளைக்கு எங்க?" ஷாப்-ஃப்ளோரில் வேலை பார்ப்பவர்களுக்கு வீக்கெண்ட் என்பதே ஞாயிறு ஒருநாள்தான். ஆபீஸ் வேலை என்றால் கூடுதலாக அரைநாள் கிடைக்கலாம். அதற்குள் போய் வரணும். ஏலகிரி, ஜவ்வாதுமலை, ஒகேனக்கல் என்று பேச்சு சுற்றி வரும். கடைசியில் யாராவது ஒருவர் ஆலப்புழா ரீல் ஒன்றைத் தட்டிவிடுவார். கால்வாய், தென்னை, மெதுவாக நகரும் படகு. உடனே வரிசையாக ஹார்ட் விழும்.

ஆம்பூரில் ஆறு இருக்கிறது, படகு மட்டும் இல்லை. பாலாற்றுப் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தால் வருஷத்தின் பெரும்பாலான நாட்களில் தெரிவது மணலும் முள்புதரும்தான். 2021 நவம்பரில் வெள்ளம் கரை தொட்டு ஓடியபோது ஊரே பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்தது. அந்த அளவுக்கு அது அபூர்வம்.

ஆனால் நண்பர்கள் சேர்ந்து கால்வாயில் படகு பிடித்து ட்ரிப் போவதற்கு கேரளாதான் போகணும் என்ற நிலை எப்போதும் இருந்ததில்லை. 90 வருஷத்துக்கு முன்னால் தமிழ்நாட்டிலேயே அப்படி ஒரு ட்ரிப் நடந்திருக்கிறது. போனவர்கள் சாதாரண ஆட்களும் இல்லை.

படகில் யார் யார்?

1934-ம் ஆண்டு. சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு ஒரு தோணி கிளம்புகிறது. அதில் பாவேந்தர் பாரதிதாசன் இருக்கிறார். அப்போது அவருக்கு 43 வயது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் தமிழாசிரியர் வேலை. கூட இருந்தவர்களில் பலர் 'யூத்' கணக்கில் வருபவர்கள். பின்னாளில் பொதுவுடைமை இயக்கத்தின் பெரிய தலைவராகும் ப. ஜீவானந்தத்துக்கு அப்போது 27 வயதை ஒட்டி. சுயமரியாதை இயக்க எழுத்தாளர் குத்தூசி குருசாமிக்கு 28. அவருடைய மனைவி குஞ்சிதம் குருசாமி இன்னும் இளையவர். இருவரும் 1929-ல் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். பத்திரிகையாளர் நாரண துரைக்கண்ணன், மயிலாப்பூரைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் மயிலை சீனி. வேங்கடசாமி ஆகியோரும் அந்தப் பயணத்தில் இருந்ததாக பாரதிதாசனின் வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன.

இதில் வேங்கடசாமிதான் சுவாரஸ்யம். மாமல்லபுரத்தைச் செதுக்கிய பல்லவ அரசர்களைப் பற்றி பின்னாளில் தனித்தனிப் புத்தகங்களே எழுதியவர் அவர். எந்த ட்ரிப்பிலும் "இதோட ஹிஸ்டரி என்னன்னா..." என்று ஆரம்பிக்கும் ஒரு ஃபிரெண்ட் இருப்பாரே, அந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார்.

இந்தப் பயணத்தை வைத்து பாரதிதாசன் எழுதிய கவிதைதான் 'மாவலிபுரச் செலவு'. இங்கே 'செலவு' என்றால் பர்ஸிலிருந்து போகும் செலவு இல்லை. பழைய தமிழில் அதற்குப் பயணம் என்று பொருள். (ட்ரிப் முடிந்து கணக்குப் பார்க்கும்போது இரண்டு அர்த்தமும் ஒன்றுதான் என்று தோன்றினால், அது வேறு விஷயம்.)

கவிதையில் வழக்கமான ட்ராவல் விஷயங்கள் எல்லாம் உண்டு. வெயில் இருக்கும்போதே படகு சென்னையை விட்டுக் கிளம்புகிறது. சாயங்காலம் மங்குகிறது, நிலா வருகிறது. கரையோர மரங்கள் விதவிதமான உருவங்களாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. ஜாலியாகப் போய்க்கொண்டிருக்கும் கவிதை ஓரிடத்தில் சட்டென்று நிற்கிறது. அவர்கள் உட்கார்ந்திருக்கும் படகு எப்படி நகர்கிறது என்பதைக் கவிஞர் கவனித்துவிடுகிறார். ஒரு ஆள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கரையோடு நடந்து படகை இழுக்கிறார். பின்னால் இன்னொருவர் முதுகு வளைய, கோலை ஊன்றித் தள்ளுகிறார். பார்க்கவே சகிக்கவில்லை என்கிறார் பாரதிதாசன். உலகத்தில் இன்பம் என்று சொல்லப்படுவதெல்லாம் உழைப்பவர்களின் தோள் கொடுத்ததுதான் என்று படகில் இருந்தவர்கள் பேசிக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு மறுபடியும் நிலா.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் சுமார் 55 கி.மீ. கயிறு இழுப்பவர் நடந்துதான் போகிறார் என்பதால் படகின் வேகமும் நடை வேகம்தான். மணிக்கு 4 கி.மீ. என்று வைத்தாலும் 13, 14 மணி நேரம். அந்தக் காலத்தில் மாமல்லபுரம் போக விரும்பியவர்களுக்கு இது ஒன்றும் அட்வென்ச்சர் கிடையாது. ராத்திரி படகில் ஏறித் தூங்கினால் காலையில் மாமல்லபுரம். இன்றைய ஸ்லீப்பர் பஸ் மாதிரி.

அந்தக் கால்வாய் எது?

பக்கிங்ஹாம் கால்வாய். சென்னையில் பறக்கும் ரயிலில் போகும்போது ஜன்னலை மூட வைக்கும் கறுப்புத் தண்ணீர் இருக்கிறதே, அதேதான்.

முதல் துண்டு 1806-ல் வெட்டப்பட்டது. பசில் காக்ரேன் என்ற ஆங்கிலேயர் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே சுமார் 18 கி.மீ. தூரத்துக்கு வெட்டினார். அதனால் முதலில் அதன் பெயர் காக்ரேன் கால்வாய். பிறகு பழவேற்காடு ஏரி வரை நீண்டது. 1837-ல் அரசாங்கம் கையில் எடுத்தது. கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே ஆந்திராவின் பெத்தகஞ்சம் வரைக்கும், தெற்கே மரக்காணம் வரைக்கும் போனது. மொத்தம் சுமார் 420 கி.மீ., அதில் தமிழ்நாட்டுப் பங்கு 163 கி.மீ. பெத்தகஞ்சத்தில் அது கிருஷ்ணா டெல்டா கால்வாய்களோடு சேர்ந்துவிடும். அதாவது காக்கிநாடா பக்கத்தில் ஏற்றிய மூட்டை, கடலுக்குள் போகாமலேயே சென்னையைத் தாண்டி மரக்காணம் வரை வந்து இறங்கலாம்.

இதன் ட்ரிக் ரொம்ப எளிமை. கிழக்குக் கடற்கரையை ஒட்டி பழவேற்காடு, எண்ணூர், கோவளம் என்று வரிசையாக உப்பங்கழிகள் ஏற்கெனவே இருந்தன. அவற்றுக்கு நடுவில் இருந்த நிலத்தை மட்டும் வெட்டி இணைத்தார்கள். கடலிலிருந்து பெரும்பாலும் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே கால்வாய் ஓடும். அலை ஏறி இறங்குவதற்கு ஏற்ப தண்ணீரும் ஏறி இறங்கும். தேவையான இடங்களில் மதகுப்பூட்டு போட்டு மட்டத்தைப் பிடித்து வைத்தார்கள். அடி தட்டையான மரப்படகுகளில் விறகு, உப்பு, நெல் எல்லாம் போயின. காற்று சாதகமாக இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் கோல். அதுவும் போதாது என்றால் கயிறு. சென்னையின் அடுப்புகள் எரிந்ததில் இந்தக் கால்வாய் வழியாக வந்த சவுக்கு விறகுக்குப் பெரிய பங்கு உண்டு.

பஞ்சத்தில் வெட்டிய 8 கிலோமீட்டர்

கால்வாய்க்கு பக்கிங்ஹாம் என்ற பெயர் வந்த கதை அவ்வளவு அழகானதில்லை. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் தின்றது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் செத்துப்போனதாகக் கணக்கு. அன்றைக்கு வேலூரும் ஆம்பூரும் இருந்த வட ஆற்காடு மாவட்டமும் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. சாப்பாடு தேடி ஜனங்கள் சென்னைக்கு நடந்தே போனார்கள்.

சும்மா கஞ்சி ஊற்றினால் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்பது அரசாங்கத்தின் வாதம். அதனால் நிவாரணம் வேண்டுமென்றால் வேலை செய்யணும். அப்படிப் பசியோடு வந்தவர்களை வைத்துத்தான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. துண்டு வெட்டப்பட்டது. அதுவரை வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் தனித்தனி. இந்த 8 கிலோமீட்டர்தான் இரண்டையும் கோர்த்தது. அப்போதைய சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் மொத்தக் கால்வாய்க்கும் வைக்கப்பட்டது. வெட்டியவர்கள் பெயர் எங்கேயும் இல்லை.

அந்தக் காலத்து நிவாரணக் கூலி பற்றி ஒரு தகவல். பஞ்சத்தை மேற்பார்வையிட அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், 1877 தொடக்கத்தில் ஒரு ஆண் தொழிலாளிக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். நாள் முழுக்க மண் வெட்டும் ஆளுக்கு. சென்னை மாகாண சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். சில மாதங்களில் சென்னையில் அளவைக் கூட்ட வேண்டியும் வந்தது. சரித்திரத்தில் இதற்கு 'டெம்பிள் கூலி' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

1934-ல் ஜீவாவும் குருசாமியும் படகில் போனபோது, பஞ்சத்தை நேரில் பார்த்த கிழவர்கள் கால்வாய்க் கரை ஊர்களில் இன்னும் உயிரோடு இருந்திருப்பார்கள். இடைவெளி வெறும் 56 வருஷம்தான்.

சரி, எப்படிச் செத்தது?

ஒரே அடியில் இல்லை. முதலில் ரயில் வந்தது. 19-ம் நூற்றாண்டு முடியும்போது சென்னையிலிருந்து விஜயவாடாவுக்குக் கடற்கரையை ஒட்டியே தண்டவாளம் போட்டாயிற்று. நெல்லும் உப்பும் அதற்கு மாறின. அடுத்து லாரி. விறகு தேவைப்படாத அடுப்புகள் அதற்கும் அடுத்து. 1965, 1966 புயல்கள் கரைகளை உடைத்தன, பூட்டுகளைக் கெடுத்தன, மண் நிரப்பின. அதைச் சரிசெய்யப் பெரிய ஆர்வம் யாருக்கும் இல்லை.

கடைசி ஆணியை அடித்தது சென்னை நகரமே. ஒருபக்கம் கழிவுநீர். இன்னொரு பக்கம் ஆக்கிரமிப்பு. போதாததற்கு 1990-களில் பறக்கும் ரயிலுக்கு நிலம் தேடியபோது, காலியாகக் கிடந்த ஒரே நேர்க்கோடு இந்தக் கால்வாய்தான். தூண்கள் தண்ணீருக்குள்ளேயே இறங்கின. ஒருகாலத்தில் 25 மீட்டர் அகலம் இருந்த கால்வாய், நகருக்குள் சில இடங்களில் 10 மீட்டராகச் சுருங்கிவிட்டது. பாரதிதாசனின் தோணி இன்று மயிலாப்பூரில் கிளம்பினால் மந்தைவெளி தாண்டுவதற்குள் ஒரு தூணில் முட்டி நிற்கும்.

ஆனால் செத்துப்போனதாக நினைத்த இந்தக் கால்வாய் ஒருநாள் வேலை செய்தது. 2004 டிசம்பர் 26. சுனாமி கரையேறி வந்தபோது, கடலுக்கும் ஊர்களுக்கும் நடுவில் இருந்த கால்வாய் பல இடங்களில் தண்ணீரை வாங்கிக்கொண்டு வடக்கும் தெற்குமாகப் பிரித்து அனுப்பியது. குறிப்பாக சென்னையிலிருந்து பெத்தகஞ்சம் வரையான கரையோரத்தில் அலையின் வேகத்தை இது குறைத்தது என்று பின்னர் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 200 வருஷம் முன்னால் விறகுக்காக வெட்டியவர்கள் யாரும் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆம்பூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மேப்பை எடுத்துப் பாருங்கள். கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறக்கும் பாலாறு, ஆந்திராவைத் தொட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாக ஓடி, கல்பாக்கம் பக்கத்தில் வயலூரில் கடலில் சேர்கிறது. மொத்தம் 348 கி.மீ., அதில் 222 தமிழ்நாட்டில். கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அது ஒரு நீர்வழியைக் குறுக்கே கடக்கிறது. மாமல்லபுரத்தைத் தாண்டித் தெற்கே வரும் பக்கிங்ஹாம் கால்வாய்தான் அது.

அதாவது ஆம்பூர் பாலத்துக்குக் கீழே ஓடும் தண்ணீர், ஓடும்போது, போய்ச் சேரும் இடம் அந்தக் கால்வாய்ப் பக்கம்தான்.

ஓடும்போது என்பதுதான் இங்கே பிரச்சினை. பாலாறு எப்போதுமே மழையை நம்பிய ஆறு. அதன் உண்மையான தண்ணீர் மணலுக்கு அடியில் ஓடியது. ஊற்றுத் தோண்டினால் கையில் அள்ளிக் குடிக்கலாம் என்பது இந்தப் பக்கத்துத் தாத்தா பாட்டிகள் இப்போதும் சொல்லும் கதை. மணல் போனது ஒரு அடி. டேனரி கழிவு இன்னொரு அடி.

இங்கே ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்வது நல்லது. டேனரி கழிவு என்றதும் எல்லோருக்கும் 'குரோமியம்' ஞாபகம் வரும். அதுவும் ஆபத்துதான். ஆனால் கிணறுகளைக் கெடுத்ததில் ரொம்பச் சாதாரணமான ஒரு பொருளுக்குப் பெரும்பங்கு உண்டு. அது உப்பு. உரித்த தோல் அழுகாமல் இருக்க உப்பு தடவி அனுப்புவார்கள். டேனரிக்கு வந்ததும் முதல் வேலை அதை ஊறப்போட்டுக் கழுவுவது. அந்தத் தண்ணீரோடு உப்பு முழுக்க வெளியே வரும். சுத்திகரிப்பு நிலையத்தில் அழுக்கு, குரோமியம் எல்லாவற்றையும் பிரித்தாலும், கரைந்த உப்பு அவ்வளவு லேசில் பிரியாது. அதற்கு ஆர்.ஓ., அதைத் தாண்டித் தண்ணீரை ஆவியாக்கி உப்பைத் தனியே எடுக்கும் யூனிட் வேண்டும். கரண்ட் பில் எகிறும். ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்ற விதி பேப்பரில் எழுதுவதற்கு எளிது, நடத்துவதற்குக் காசு.

இந்த விவகாரத்தில்தான் இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் முக்கியமான தீர்ப்புகளில் ஒன்று பிறந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டேனரி பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றதாகிவிட்டது என்ற ஆய்வைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. கெடுத்தவரே செலவை ஏற்கணும், ஆபத்து முழுசாக நிரூபணமாகும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்கணும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். லா காலேஜில் படிக்கும் எந்த மாணவரைக் கேட்டாலும் 'வேலூர் கேஸ்' என்று டக்கென்று சொல்வார். ஊர்ப் பெயர் இப்படிப் பிரபலமானதில் ஊர்க்காரர்களுக்குப் பெருமைப்பட என்ன இருக்கிறது என்பது வேறு கேள்வி.

வழக்கு அத்தோடு முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாறு பற்றித் தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டைக் கொடுத்து முடியுங்கள், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கமிட்டி போடுங்கள் என்று அரசுக்கு உத்தரவு. இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையே 28 வருஷம். 1996-ல் பிறந்த குழந்தை இன்று அதே பெல்ட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கலாம்.

இது இந்தப் பகுதி இளைஞர்களுக்குப் பேசச் சங்கடமான விஷயமும்கூட. ஆற்றைக் கெடுத்ததும் தோல் தொழில்தான், வீட்டு இ.எம்.ஐ. கட்டுவதும் தோல் தொழில்தான். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெரும்பகுதி பெண்கள். சுற்றியிருக்கும் கிராமங்களில் பல குடும்பங்களுக்கு முதல் மாதச் சம்பளத்தைக் கொண்டுவந்தது அந்தப் பெண்கள்தான். "டேனரியை மூடு" என்பதும் "எல்லாம் சரியா இருக்கு" என்பதும் இரண்டுமே இங்கே எடுபடாத பேச்சு.

மறுபடி படகு ஓடுமா?

பேப்பரில் ஓடுகிறது. 2008-ல் பக்கிங்ஹாம் கால்வாய் உட்பட காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையான நீர்வழி, கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் பகுதிகளோடு சேர்த்து, 'தேசிய நீர்வழி 4' என்று அறிவிக்கப்பட்டது. இதில் சென்னையிலிருந்து மரக்காணம் வரையான தெற்குப் பகுதி 110 கி.மீ. 1934-ல் பாரதிதாசன் குழு போன பாதை இதற்குள்தான் வருகிறது. தூர்வார வேண்டும், உயரம் குறைந்த பாலங்களை மாற்ற வேண்டும், பூட்டுகளைப் புதிதாகக் கட்ட வேண்டும். சென்னை நகருக்குள் ரயில் தூண்களை என்ன செய்வது என்பதற்கு எளிய பதில் இல்லை. நகரத்தைத் தாண்டித் தெற்கே, சோழிங்கநல்லூருக்கு அப்பால், கால்வாய் இன்னும் அகலமாக மூச்சு விடுகிறது. படகு திரும்பும் என்றால் அங்கேதான் முதலில் திரும்பும்.

அதுவரை? அந்த 1934 பாதையின் ஒரு துண்டில் இப்போதும் காசு கொடுத்துப் படகில் போகலாம். கோவளம் கழிமுகத்தில் இருக்கும் முட்டுக்காடு படகுத்துறைதான் அது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. ஈ.சி.ஆர். பாலத்தைப் பார்த்தபடி அரைமணி நேரம் சுற்றிவிட்டு இறங்கும் பலருக்கு, பாரதிதாசன் போன நீர்வழி இதுதான் என்று தெரியாது. அங்கே ஒரு போர்டு வைத்தால் குறைந்தா போய்விடும்?

உண்மையான கால்வாய் அனுபவம் வேணும் என்றால் சிதம்பரம் பக்கம் பிச்சாவரம். அலையாத்திக் காட்டுக்குள் குறுகலான நீர்ச்சந்துகளில் துடுப்புப் படகு போகும். ஆலப்புழாவே வேணும் என்றால் காட்பாடியில் ஆலப்புழா எக்ஸ்பிரஸ் பிடிக்கலாம். அங்கே போய் ஹவுஸ்போட் வாடகையைக் கேட்டு மயங்கி விழ வேண்டாம். கேரள அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகு, நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரி, அதே கால்வாய்களில்தான் போகிறது. உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து ஆலப்புழா டு கோட்டயம் போய் வரலாம். எதுவும் முடியாது, ஞாயிறு ஒருநாள்தான் என்றால் ஏலகிரியில் புங்கனூர் ஏரி.

ஏறுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம்

இந்தப் பகுதியை ஸ்கிப் பண்ண வேண்டாம்.

2009 செப்டம்பர் 30, தேக்கடி. சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும், படகின் வடிவமைப்பில் இருந்த குறையும் பேசப்பட்டன. 2011 டிசம்பர் 25, பழவேற்காடு. கிறிஸ்துமஸ் நாளில் ஏரியில் உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து 22 பேர். 2023 மே 7, மலப்புரம் மாவட்டம் தானூர். மீன்பிடிப் படகை மாற்றிச் சுற்றுலாப் படகாக்கி, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றி, இருட்டும் நேரத்தில் கிளம்பியது. அங்கேயும் 22 பேர், பல குழந்தைகள். 2024 ஜனவரி 18, வதோதராவின் ஹர்ணி ஏரி. பள்ளிப் பிக்னிக். 12 மாணவர்கள், 2 ஆசிரியைகள்.

இவை எல்லாமே லீவு நாள் மாதிரியான படகுப் பயணங்கள். புயலோ நடுக்கடலோ எதுவும் இல்லை. திரும்பத் திரும்ப வருவது மூன்றே விஷயம்: ஓவர்லோடு, போடாத லைஃப் ஜாக்கெட், ஒரே பக்கம் சாய்ந்த கூட்டம்.

சட்டம் இருக்கிறது. 1917-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021-ல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி, இயந்திரப் படகுகளுக்குப் பதிவு, தகுதி ஆய்வுச் சான்று, இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். ஆனால் கரையில் நிற்கும் நேரத்தில் உங்களால் செய்ய முடிவது ரொம்பச் சின்ன விஷயங்கள். படகில் பதிவு எண் எழுதியிருக்கிறதா, எத்தனை பேர் என்ற எண் எங்காவது தெரிகிறதா என்று பாருங்கள். குரூப்பில் 14 பேர், படகுக்கு 10 என்றால் இரண்டு படகு. "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்" என்று படகுக்காரர் சொன்னாலும் சரி, அண்ணன் சொன்னாலும் சரி, வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டை ஏறுவதற்கு முன்பே மாட்டி எல்லா பக்கிளையும் பூட்டுங்கள். தோளில் பிடித்து யாராவது மேலே இழுத்தால் அது காது வரை ஏறுகிறது என்றால் சைஸ் தப்பு. போட்டோவுக்கு இடைஞ்சல் என்று கழற்றி மடியில் வைத்த ஜாக்கெட் வெறும் தலையணை. மூடிய கேபினுக்குள் உட்கார்ந்தால் வெளியே வரும் வழி எது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். குரூப் செல்ஃபி என்றால் எல்லோரும் உட்கார்ந்த இடத்திலேயே திரும்பினால் போதும், எழுந்து ஒரு பக்கம் போகத் தேவையில்லை. இருட்ட ஆரம்பித்த பிறகு கிளம்பும் படகில், எவ்வளவு டிஸ்கவுண்ட் கொடுத்தாலும், ஏற வேண்டாம்.

நீச்சல் தெரியும் என்று சொல்பவர்கள் கவனத்துக்கு: கிணற்றில் கற்ற நீச்சல் வேறு, ஜீன்ஸும் ஷூவும் போட்டுக்கொண்டு கழிமுகச் சேற்றில் விழுவது வேறு.

பிச்சாவரத்தில் துடுப்புப் போடும் அண்ணன் ஒரே ஆள்தான் உங்களை மொத்தமாக இழுத்துக்கொண்டு போவார். வெயிலில், ஒரு நாளைக்குப் பல ட்ரிப். அவரிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டலாம். எந்தச் சந்தில் தண்ணீர் எப்போது இறங்கும் என்று கேட்கலாம், அது அவருக்குத் தெரிந்த அளவுக்கு கூகுள் மேப்புக்குத் தெரியாது.